தினமும் 120 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எந்தப் பழைய செடான்?

கேள்வி இதுதான்: வேலைக்குப் போக 60 கிலோமீட்டர், திரும்பி வர 60. முக்கால்வாசி நெடுஞ்சாலை. ஐந்து முதல் ஏழு வருடம் ஓடிய ஒரு மிட்-சைஸ் செடான் வேண்டும். டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு, மஸ்டா 6 மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. அதே விலைக்கு இன்னும் கொஞ்சம் பழைய ஜெர்மன் சொகுசு காரும் கிடைக்கிறது. இடுப்பு வலி உண்டு. எதை வாங்கலாம்?

நேரடியாகச் சொன்னால், அந்த மூன்றில் எதை எடுத்தாலும் பெரிய தப்பு நடந்துவிடாது. ஜெர்மன் காரை விட்டுவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். ஆனால் எந்த மாடல் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியையாவது, அந்த மாடலில் எந்த வேரியன்ட், எந்த அளவு சக்கரம், அந்த வண்டி இதுவரை எப்படி ஓடியிருக்கிறது என்பதற்குக் கொடுங்கள். நன்றாகப் பராமரித்த கேம்ரிக்கும் கைவிடப்பட்ட கேம்ரிக்கும் உள்ள தூரம், கேம்ரிக்கும் அக்கார்டுக்கும் உள்ளதைவிட ரொம்ப அதிகம்.

முதலில் ஒரு கணக்கு. வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 28,800 கிலோமீட்டர். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றால் 480 மணி நேரம் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பீர்கள். ஐந்து வருடத்தில் 1,44,000 கிலோமீட்டர் சேரும். வாங்கும்போதே 90,000 ஓடியிருந்தால், விற்கும்போது மீட்டர் 2,34,000 காட்டும். ஆக, இந்த வண்டியின் இரண்டாம் பாதி வாழ்க்கையைத்தான் நீங்கள் வாங்கப் போகிறீர்கள். முதல் பாதியில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். இரண்டாம் பாதியில் எது எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் நமக்கு வேண்டியது.

இடுப்பு வலி இருப்பதால் இருக்கையிலிருந்து தொடங்குகிறேன். ஷோரூமிலோ விற்பவர் வீட்டு வாசலிலோ இரண்டு நிமிடம் உட்கார்ந்து "நல்லா மெத்துன்னு இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். மெத்தென்ற இருக்கைதான் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் முதலில் வலியைக் கொடுக்கும். பின்பக்கம் உள்ளே அமிழ்ந்து, இடுப்பு எலும்பு பின்னால் சாய்ந்து, முதுகு கூன் போட ஆரம்பிக்கும். கொஞ்சம் கெட்டியான குஷன், தொடையை முழங்கால் அருகே வரை தாங்குகிற நீளம், இடுப்பு வளைவில் அழுத்தம் தரும் லம்பார் சப்போர்ட், இந்த மூன்றும் வேண்டும். லம்பார் வெறுமனே முன்னும் பின்னும் நகர்கிறதா, மேலும் கீழும்கூட நகர்கிறதா என்று பாருங்கள். தப்பான உயரத்தில் குத்துகிற லம்பார் இல்லாததைவிட மோசம்.

அப்புறம் பலரும் கவனிக்காத சில விஷயங்கள். ஸ்டீயரிங் உங்களை நோக்கி எவ்வளவு வெளியே வருகிறது? போதுமான அளவு வராவிட்டால், கைக்காக இருக்கையை முன்னால் இழுப்பீர்கள், கால் மடங்கிப் போகும். இடது காலை ஊன்ற டெட் பெடல் சரியான கோணத்தில் இருக்கிறதா? தலைச் சாய்மானம் தலையை முன்னால் தள்ளுகிறதா? சில கார்களில் அது அப்படித்தான் தள்ளும், கழுத்து வலி தனியாக வரும். வலது முழங்கால் நடுக் கன்சோலிலோ கதவிலோ உரசுகிறதா? ஒரு மணி நேரம் உரசினால் அதுவே புண்ணாகிவிடும்.

இவற்றைச் சோதிக்க நல்ல வழி, வாங்குவதற்கு முன் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் வேலைப் பாதையிலேயே ஓட்டிப் பார்ப்பது. வாடகைக்குக் கிடைக்காவிட்டால், டெஸ்ட் டிரைவை நாற்பது நிமிடமாவது கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தர மாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை வராது. பழைய வண்டியில் ஓட்டுநர் இருக்கையின் ஏறும் பக்கத்து விளிம்பு நசுங்கியிருக்கும். அந்த நசுங்கல் இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்க்கிறதா என்றும் பாருங்கள். குஷன் ஃபோமை மாற்ற முடியும், ஆனால் அதையும் விலையில் பேச வேண்டும்.

அடுத்தது சக்கரம். இங்கேதான் பலர் கூடுதல் பணம் கொடுத்து வசதியைக் குறைத்துக்கொள்கிறார்கள். 2018 கேம்ரியில் அடிப்படை வேரியன்ட் சிலவற்றில் 205/65 அளவு டயர், 16 அங்குல ரிம். ஸ்போர்ட் வேரியன்ட்டில் 235/45, 18 அங்குலம். டயரின் பக்கச் சுவர் உயரம் முதலாவதில் சுமார் 133 மில்லிமீட்டர், இரண்டாவதில் 106. ஓர் அங்குலத்துக்கும் மேல் காற்றும் ரப்பரும் குறைகிறது. சாலையின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு சின்னக் குழியும் அந்த ஓர் அங்குலம் வழியாக உங்கள் முதுகுக்கு வரும். பார்க்க அழகாக இருப்பது 18 அங்குலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது விலை அதிகம், குழியில் ரிம் வளையும் வாய்ப்பும் அதிகம், எரிபொருளையும் கொஞ்சம் தின்னும். வண்டி எல்லா விதத்திலும் பிடித்து, சக்கரம் மட்டும் பெரிதாக இருந்தால், அதே மாடலின் 17 அங்குல ரிம்முக்கு மாறலாம். 215/55 டயர் போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான் வரும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக: காதுக்குப் பழகிவிடும் என்பார்கள், உடம்புக்குப் பழகாது. நெடுஞ்சாலையில் மூன்று சத்தம் உண்டு: டயர், காற்று, இன்ஜின். டயர் சத்தம் பெரும்பாலும் தேய்ந்த அல்லது மலிவான டயரால் வருவது, மாற்றினால் போய்விடும். காற்றுச் சத்தம் ஒரே ஒரு கதவில் மட்டும் விசில் மாதிரி வந்தால், அந்தக் கதவு எப்போதோ அடிபட்டு மாற்றப்பட்டிருக்கலாம். இன்ஜின் சத்தத்துக்கு, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2,000 பக்கத்தில் நின்றால் நிம்மதி.

இப்போது மாடல்களுக்கு வருகிறேன்.

கேம்ரியில் 2018 மாடலிலிருந்து வந்த தலைமுறைதான் உங்கள் வயது வரம்புக்குப் பொருந்தும். 2.5 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இந்த இன்ஜினில் பெட்ரோல் இரண்டு வழியாக உள்ளே போகும்: சிலிண்டருக்குள் நேரடியாகவும், வால்வுக்கு முன்னாலும். முன்னால் தெளிக்கும் பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே இருப்பதால், நேரடி இன்ஜெக்‌ஷன் மட்டும் உள்ள இன்ஜின்களில் வால்வில் படியும் கரித் தொல்லை இதில் குறைவு. கொஞ்சம் பழையது போதும் என்றால் 2012 முதல் 2017 வரையிலான தலைமுறையும் திடமானது, ஆறு கியர், எளிமையான இயந்திரம். அதற்கும் முந்தைய 2007 முதல் 2009 வரையிலான 2.4 லிட்டர் வண்டிகள் மட்டும் வேண்டாம். பிஸ்டன் ரிங் குறையால் ஆயில் குடிக்கிற பெயர் அவற்றுக்கு உண்டு.

அக்கார்டு ஓட்ட இன்னும் சுகமானது என்பது என் கருத்து. திருப்பத்தில் வண்டி பேச்சைக் கேட்கும். 2013 முதல் 2017 வரை 2.4 லிட்டர் இன்ஜினும் சிவிடி கியர்பாக்ஸும் (தனித்தனி கியர் இல்லாமல் ஒரு பெல்ட் வழியாக ஓடும் வகை). குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு நொடி கடகட என்று சத்தம் வந்தால், வால்வு டைமிங்கை மாற்றும் ஆக்சுவேட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். வண்டியை நிறுத்திவிடாது, ஆனால் செலவு. அதே வருடங்களில் வி6 இன்ஜின் எடுத்தால் அதில் டைமிங் செயின் இல்லை, பெல்ட். 1,60,000 கிலோமீட்டர் வாக்கில் அதை மாற்றியாக வேண்டும். மாற்றிய ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2018 அக்கார்டிலிருந்து 1.5 லிட்டர் டர்போ. இதில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது என்ற புகார் வந்தது. குளிர் பிரதேசங்களில், குட்டிக் குட்டித் தூரம் ஓடிய வண்டிகளில்தான் அதிகம். இன்ஜின் முழுதாகச் சூடேறி அரை மணி ஓடினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். அதாவது உங்கள் ஓட்டம் இந்த இன்ஜினுக்கு நல்லது. ஆனால் உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவரின் ஓட்டம் எப்படி என்பதுதான் கேள்வி. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, பெட்ரோல் வாசனை அடித்தால் நகர்ந்துவிடுங்கள். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) புகார்களும் இந்த இன்ஜினில் உண்டு, அதனால் கூலன்ட் மட்டம் குறைந்திருந்தால் சும்மா விடாதீர்கள். என்னைக் கேட்டால் இந்தத் தலைமுறையில் ஹைபிரிட் அக்கார்டுதான் நல்ல பொருள்: டர்போ இல்லை, வழக்கமான கியர்பாக்ஸும் இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் வழியாக இன்ஜின் நேராகச் சக்கரத்தைச் சுற்றும்.

மஸ்டா 6, டர்போ இல்லாத 2.5 லிட்டர், ஆறு கியர் சாதாரண ஆட்டோமேட்டிக். இயந்திர ரீதியில் மூன்றிலும் சிக்கல் குறைந்தது என்று சொல்லலாம். குறை வேறு இடத்தில்: ஆரம்ப வருட வண்டிகளில் டயர் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும், சஸ்பென்ஷனும் கொஞ்சம் விறைப்பு. 2018-இல் வந்த திருத்தத்தில் இருக்கைகளை மாற்றி, சத்தத்தையும் குறைத்தார்கள். அதனால் இடுப்பு வலிக்காரர் 2018 முதல் வந்ததை மட்டும் பார்ப்பது நல்லது.

பட்டியலில் இல்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை குறைவாக இருப்பதைப் பார்த்து மனம் தடுமாறும். 2013-க்குப் பிறகான நிசான் ஆல்டிமாவில் இருக்கை உண்மையிலேயே அருமை. ஆனால் சிவிடி கியர்பாக்ஸ் தொல்லைகளால் அமெரிக்காவில் நிறுவனமே உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. 2011-க்குப் பிறகான ஹூண்டாய் சொனாட்டா, கியா ஆப்டிமா கார்களில் தீட்டா-2 என்ற இன்ஜின். தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் வழியை அடைத்து, கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி நின்றுபோன சம்பவங்களால் 2015-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது, பிறகு அது விரிந்தது. இன்ஜின் மாற்றப்பட்ட ஆவணம் கையில் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம்.

ஜெர்மன் கார் விஷயம் எளிது. வண்டியின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும், ஆனால் உதிரி பாகங்களின் விலை புதிதாக விற்ற நாளில் இருந்த உயரத்திலேயே நிற்கும். ஏர் சஸ்பென்ஷன், ஆயில் கசியும் கேஸ்கெட்டுகள், கதவுக்குக் கதவு ஒரு கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்குச் சரி. வருடத்துக்கு 28,800 ஓட்டுபவருக்கு வேலைக்குப் போக இன்னொரு வண்டி தேவைப்படும். சொகுசுதான் வேண்டும் என்றால் லெக்சஸ் இஎஸ் 300எச் பாருங்கள். 2013 முதல் 2018 மாடல் வரையிலான வண்டிகளில் கேம்ரி ஹைபிரிடின் அதே 2.5 லிட்டர் இயந்திரம்தான் இருக்கிறது, அதைச் சுற்றி நிறைய அமைதி.

ஹைபிரிட் லாபமா? எல்லோரும் மொத்த மைலேஜைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அமெரிக்க அரசின் அளவீட்டில் 2018 கேம்ரியின் அடிப்படை வேரியன்ட்டான 'எல்' பெட்ரோல் வண்டி நகரத்தில் லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர், ஹைபிரிட் எல்இ 21.7. கிட்டத்தட்ட இரட்டிப்பு. நெடுஞ்சாலையில் பெட்ரோல் 17.4, ஹைபிரிட் 22.5, வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கிற சக்திதான் ஹைபிரிடின் பலம், நெடுஞ்சாலையில் பிரேக்கே பிடிப்பதில்லை. உங்கள் ஓட்டம் முழுக்க நெடுஞ்சாலை என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 375 லிட்டர் மிச்சமாகும். அதை உங்கள் ஊர் விலையால் பெருக்கி, ஹைபிரிடுக்குக் கேட்கும் கூடுதல் தொகையோடு ஒப்பிடுங்கள். நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் தினமும் நெரிசலில் ஊர்கிறீர்கள் என்றால் கணக்கு ஹைபிரிட் பக்கம் சாயும். இன்னொன்று: அதே 2018 ஹைபிரிடின் எஸ்இ, எக்ஸ்எல்இ வேரியன்ட்டுகள் நெடுஞ்சாலையில் 20 தான் கொடுக்கின்றன. பெரிய சக்கரம், கூடுதல் எடை, வேறு வகை பேட்டரி.

ஹைபிரிட் வாங்கினால் பின் இருக்கைப் பக்கத்தில் இருக்கும் பேட்டரி காற்று வழியைப் பாருங்கள். அதன் ஃபில்டரில் தூசியும் நாய் ரோமமும் அடைத்திருந்தால், அந்த பேட்டரி பல வருடம் சூட்டில் வெந்திருக்கிறது.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது எப்படி ஓடியது என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய 1,20,000, நகரத்தில் ஓடிய 60,000-ஐவிடப் பெரும்பாலும் நல்ல வண்டி. சில கார்களில் இன்ஜின் ஓடிய மணி நேரத்தை மீட்டரிலோ ஸ்கேனரிலோ பார்க்கலாம். கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 60-க்கு மேல் என்றால் நெடுஞ்சாலை வண்டி, 25 என்றால் நெரிசலில் நின்று நின்று தேய்ந்த வண்டி. மீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்பதை பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் காட்டிக் கொடுக்கும். 50,000 என்று மீட்டர் சொல்ல, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

"காலையில் வருகிறேன், இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் மட்டுமே உண்மை பேசும்: நீலப் புகை ஆயில் எரிவது, விடாமல் வரும் இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப் புகை கூலன்ட். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, காரின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனரை மாட்டுங்கள். எந்த எச்சரிக்கைக் குறியீடும் இல்லை என்று வந்தால் அதோடு நிறுத்தாமல், ரெடினஸ் மானிட்டர்கள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். குறியீடுகளை அழித்தால் கார் தன்னைத்தானே மறுபடி சோதித்துக்கொள்ளச் சில நாள் ஓட்டம் வேண்டும். அதுவரை அந்த மானிட்டர்கள் முடியவில்லை என்று காட்டும். பல மானிட்டர்கள் அப்படி இருந்தால், நேற்றோ முன்தினமோ யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரின் முகமே போதும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரிய, சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் முடிந்தது. டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தையும், இருக்கைக் கால்களின் போல்ட்டில் துருவையும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்பு வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால் அந்த உரிமையாளர் மற்ற செலவையும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஓட்டும்போது பாட்டைப் போடாதீர்கள், ஏசியை முதலில் குறைத்து வையுங்கள். 80 முதல் 110 வரை ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், அது சின்ன விஷயம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஒரு பக்கம் மெல்லத் திருப்பும்போது உறுமல் கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் வீல் பேரிங். சிவிடி வண்டியில் 30 முதல் 60 வரை மிக மெதுவாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். பெல்ட் வழுக்கும் நடுக்கம் அந்த வேகத்தில்தான் தெரியும், வேகமாக அழுத்தினால் மறைந்துவிடும். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் குரூஸ் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். முன் கண்ணாடி மாற்றப்பட்ட வண்டியில் கேமரா சரியாகக் கேலிபிரேட் செய்யப்படாவிட்டால், அது தேவையில்லாத இடத்தில் பிரேக் பிடிக்கும்.

இவ்வளவும் தேறிய பிறகு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள். சேசிஸ் எண்ணைக் கொண்டு திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். கொஞ்சம் பழைய வண்டிக்குப் போனால் இது கட்டாயம்: சூட்டிலும் ஈரத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசுகிற டகாட்டா ஏர்பேக்குகள் 2000-களிலும் 2010-களின் முதல் பாதியிலும் வந்த பல கம்பெனிக் கார்களில் இருந்தன. மாற்றித் தருவது இலவசம்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஏசி ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றி, உங்கள் பெயரில் புதுக் கணக்கைத் தொடங்குங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று கையேடு சொன்னாலும், 2,30,000 வரை ஓட்டப் போகிற நீங்கள் 80,000 முதல் 1,00,000-க்கு ஒருமுறை மாற்றுங்கள், சிவிடி என்றால் 50,000-க்கே. அந்தந்த கம்பெனி சொல்லும் ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். எல்லா வண்டிக்கும் ஒத்துப்போகும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை சிவிடிக்குள் விடவே கூடாது.